கெண்டியில் மீந்த நீர்

அபயரத்னக் கோயிலின் கிழக்கு வாசலில் நிற்கும் கல்லில் எங்கள் குடும்பத்துப் பெயர்கள் இரண்டு உள்ளன. மேற்பகுதியில் தென்மாளிகை அரசியார் கோயிலுக்குத் தந்த நிலம், பனை, மாடு, ஆட்கள் ஆகியவை நிறைய இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. அதற்குக் கீழே, தனி வரியாக, மெலூன் என்னும் பெண் தன் மகன் துவனை அடிமையாகத் தந்தாள் என்று வெட்டியிருக்கிறது. துவனின் வழிவந்தவர்கள் நாங்கள். எங்கள் வீடுகளில் பிறந்தவர், இறந்தவர் பெயர்களை ஒவ்வொரு மழைக்காலத்தின் முடிவிலும் கோயில் மேலாளரிடம் ஒப்புவிக்கும் பொறுப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. எனக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்தவர்கள் சொல்லி வைத்தவற்றில் ஒன்றுக்கொன்று பொருந்துவதை மட்டும் கொண்டு, பொருந்தாத இடங்களில் அதைச் சொல்லிவிட்டு, மெலூனின் வாழ்க்கையை எழுதுகிறேன்.

அவள் பிறந்தது தலைநகருக்குத் தெற்கே, பட்டை உரிப்பவர்களின் ஊரில். தயோ மரத்துப் பட்டையைத் தட்டி நீரில் ஊறவைத்தால் வழுவழுப்பான நுரை வரும். அதில் சீயக்காயைக் கலந்து தலை கழுவாத வீடு ஐராவதி ஆற்றின் கரையில் கிடையாது. அந்த ஊரார் வரி செலுத்தி வாழ்ந்த சுதந்திரக் குடிகள். எவருடைய ஆளும் அல்லர். அதில் அவர்களுக்குப் பெருமை உண்டு. ஆயினும் மழை பொய்த்த ஆண்டுகளில், சோறு போட வழியில்லாத வீடுகள் ஒரு பிள்ளையைக் கோயிலுக்குக் கொடுத்துவிடும். மெலூனின் மூத்த அண்ணனும் அப்படிக் கொடுக்கப்பட்டவனே. அவர்களுடைய தாய், கோயிலின் மூத்த துறவியான தேரரின் முன் மண்ணில் நீர் வார்த்து, "இவன் உடம்பு உள்ளவரை" என்று சொல்லிக் கொடுத்தாள். ஏழைகளின் காணிக்கைக்கு அந்த மூன்று சொற்களே வழக்கம். அண்ணன் கோயில் முற்றம் பெருக்கி அங்கேயே இறந்தான். அவனுடைய பிள்ளைகள் ஊருக்குத் திரும்பி வந்து வரி கட்டினார்கள்.

பட்டைக் கட்டுகளைத் தலையில் சுமந்து அரண்மனைப் பின்வாசலுக்குப் போய்வந்த பெண்களில் மெலூனும் ஒருத்தி. அரசியாரின் தலை கழுவுகிறவளுக்குக் கையில் சிரங்கு வந்தபோது, வாசலில் நின்றிருந்த இவளுடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து உள்ளே அழைத்துப் போனார்கள். பிறகு அந்தக் கை வேறு வேலை செய்யவில்லை.

தென்மாளிகை அரசியாரின் இயற்பெயரை எங்கள் குடும்பத்தில் சொல்வதில்லை. வடக்கு எல்லையிலிருந்து சிறுமியாக மணமுடித்து வந்தவர். இரண்டு அரசர்களைத் தாண்டி உயிரோடு இருந்தவர். மூன்றாவது அரசன் அரியணையில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாத பிள்ளை. அவன் பின்னால், மரச்சட்டத் திரைக்கு உள்ளே, அரசியார் அமர்ந்திருப்பார். அவருடைய குரல் உயர்ந்து எவரும் கேட்டதில்லை. அமைச்சர்கள் தலையை அவருடைய முழங்காலுக்குக் கீழே வைத்துக்கொண்டு பேசினார்கள். அவருடைய தலையைத் தொடும் கைகள் அந்த நாட்டிலேயே மெலூனின் கைகள் மட்டுமே.

தலை கழுவும் நீரை ஆற்று நடுவில், மணல்திட்டுக்கு அப்பால், மனித நிழல் விழாத ஓட்டத்திலிருந்து அவளே மொண்டு வர வேண்டும். அவளுடைய கணவன் ஓடக்காரன். அவன் துடுப்புப் போட, அவள் மொள்ளுவாள். அவன் வடக்குப் படையெடுப்புக்குப் படகு ஓட்டப் போய்க் காய்ச்சலில் இறந்தான். பிறகு மகன் துவன் துடுப்புப் போட்டான். மகன் வளர்ந்து தோள் விரிந்ததும், அவனுக்கு ஒரு நல்ல இடம் வேண்டும் என்று மெலூன் அரசியாரிடம் கேட்டாள். அரசியாரும் மனமுவந்து அவனை இளவரசர் தீஹாவின் வீட்டில் வெற்றிலைப் பெட்டி தூக்க அமர்த்தினார். இளவரசர், மறைந்த அரசரின் வேறொரு மனைவிக்குப் பிறந்த மூத்த மகன். மகனுக்கு அவள் கேட்டுப் பெற்ற சலுகை அது.

ஒரு கோடையில், இளவரசரின் வீட்டில் வெள்ளைக் குடை ஒன்று தைக்கப்பட்டிருப்பதாகச் செய்தி வந்தது. வெள்ளைக் குடை அரசருக்கு மட்டும் உரியது. குடை கண்டெடுக்கப்பட்டதா, வெறும் செய்தியா என்பதில் எங்கள் முன்னோர் ஒருமித்துச் சொல்லவில்லை. இளவரசருக்கு நேர்ந்ததில் ஐயமில்லை: அரச குருதி மண்ணில் படக்கூடாது என்பதால், அவரைச் சிவப்புப் பையில் இட்டுத் தைத்து, ஆற்றில் இறக்கினார்கள். அவருடைய பானையில் சோறு உண்ட ஏவலாளர்கள், துவனையும் சேர்த்து, ஏழு பேர். அவர்களுடைய குருதிக்கு அப்படிப்பட்ட தடை ஏதுமில்லை.

தடையாக இருந்தது கோயில். அபயரத்னத்தின் கட்டுமானம் முடியும் தறுவாயில் இருந்தது. அதற்கு நீர் வார்க்கும் நாள்வரை நகரத்து மண்ணில் குருதி விழக்கூடாது என்று நாள் கணிப்பவர்கள் சொல்லிவிட்டார்கள். ஏழு பேரையும் கோயில் சுவருக்குச் சுண்ணாம்பு சுமக்க விட்டார்கள். நீர் வார்த்த மறுநாள் ஆற்றங்கரையில் கத்தி.

மெலூன் தன்னால் கேட்க முடிந்த ஒரே இடத்தில் கேட்டாள். அரசியாரின் கூந்தல் முழுவதும் நுரையில் இருந்தது.

“தாயே, என் பையன் வெத்தலைப் பெட்டி தூக்கினவன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது.”

அரசியார் கண்ணைத் திறக்கவில்லை.

“குடைக்குத் துணி வாங்கிட்டு வந்தவன் ஒருத்தன் இருக்கான்ல, மெலூன். எவன்னு எனக்குத் தெரியல. தெரியாதவரைக்கும் ஏழு பேரும் அவன்தான்.” சற்று நேரம் கழித்து, “காதுக்குள்ள நுரை போகுது. பாத்துக் கழுவு” என்றார்.

அவள் பார்த்துக் கழுவினாள். மறுபடி கேட்கவில்லை. கேட்டால் தன்னையும் வெளியே அனுப்பிவிடுவார்கள், நீர் வார்க்கும் நாளில் அரசியாருக்கு ஏந்தி நிற்கத் தன் கையில் கெண்டி இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

அவளுடைய திட்டம் முழுவதும் அந்தக் கெண்டியில்தான் இருந்தது. காணிக்கை தருகிறவர் சொற்களைச் சொல்லி முடிக்கும்வரை மூக்குக் கெண்டியிலிருந்து நீரை மண்ணில் வார்ப்பார். சொல் முடிந்ததும் கெண்டியை ஏந்தி நிற்பவளிடம் திருப்பித் தருவார். மீந்த நீரைப் போதி மரத்தின் வேரில் ஊற்றுவது அவளுடைய வேலை. நீர் மண்ணைத் தொட்டபின் அந்தக் கொடையை அரசரும் திருப்ப முடியாது. மண்மகள் கேட்டுவிட்டாள் என்று பொருள். கோயிலுக்கு உரியவன்மீது எவருடைய கத்தியும் விழாது. இதற்கு முன் சிறு கோயில்களின் ஆட்களை அரசாங்கம் இழுத்துக்கொண்டதுண்டு. ஆனால் அபயரத்னம் அரசியாருக்கு எதற்காகத் தேவைப்பட்டது என்பதை நகரத்தில் அறியாதவர் இல்லை. சிவப்புப் பையில் போனவருக்கு ஈடாக இப்போது அவர் நம்பியிருந்த புண்ணியம் அது. அதைத் தம் கையால் அவர் குலைக்கமாட்டார்.

ஆகவே மெலூன், பட்டையைத் தட்டும்போதும், ஓடத்தில் போகும்போதும், அரசியாரின் கூந்தலை அலசும்போதும் உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகினாள்: நான், மெலூன், என் மகன் துவனை இக்கோயிலுக்குத் தருகிறேன், இவன் உடம்பு உள்ளவரை. அவளுடைய தாய் சொன்ன அதே சொற்கள். பிழைப்பதற்கு அது போதும். அடிமைப்பட்டவனோடு சுதந்திரக் குடிகள் ஒரே பாயில் உட்கார்ந்து உண்பதில்லை என்பதும், மகனைப் பார்க்க இனிச் சுவரோரம் நிற்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தன. உயிரோடு இருப்பவனைச் சுவரோரம் நின்றாவது பார்க்கலாம்.

நாள் வந்தது. கோயிலின் உச்சியில் பொன் குடை ஏறிவிட்டிருந்தது. பிள்ளை அரசன் வெள்ளைக் குடையின் கீழ் தூங்கி வழிந்தான். கொடையாகக் கொடுக்கப்படும் குடும்பங்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தன: சமைப்பவர்கள், பெருக்குபவர்கள், மேளம் அடிப்பவர்கள். தெற்குச் சுவரோரம் ஏழு பேரும், முழங்கை வரை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கூடைகளுடன், காவலர்களுக்கு நடுவே நின்றார்கள். சுவருக்கு வெளியே அவர்களுடைய வீட்டார் நின்றார்கள். அரசியார் கெண்டியைச் சாய்த்தார். அவர் சொன்னவை கல்லில் உள்ளன. அங்கிருந்தே எடுத்து எழுதுகிறேன்:

"இந்த நிலமும் பனையும் மாடும், இந்த ஆட்களும், இவர்தம் மக்களும், மக்களின் மக்களும், புத்தரின் நெறி நிலைக்கும் ஐயாயிரம் ஆண்டு முடியும்வரை இக்கோயிலுக்கு அடிமை. இதைக் குலைப்பவர், அது நானே ஆயினும், என் குருதியில் தோன்றியவரே ஆயினும், நெருப்பு அணையாத அவீசி நரகில் வீழ்க. இனி வரும் புத்தர் எவரையும் காணாது ஒழிக."

தேரர்கள், நன்று என்னும் பொருளில், மூன்று முறை "சாது" என்றார்கள். கூட்டமும் சொன்னது. அரசியார் கெண்டியைத் திருப்பிக் கொடுத்து, மிச்சத்தை வேரில் ஊற்றச் சொன்னார்.

மெலூன் மரத்தை நோக்கி நடந்தாள். பாதி வழியில், தலைமைத் தேரர் சுமேதரின் எதிரே, மண்டியிட்டுக் கெண்டியைச் சாய்த்தாள்.

"நான், மெலூன், என் மகன் துவனை இக்கோயிலுக்குத் தருகிறேன்."

இதுவரை அவள் பழகியபடியே வந்தது. அடுத்து வரவேண்டிய மூன்று சொற்கள் வரவில்லை. அச்சத்தில் நாக்கு, காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்ததைப் பிடித்துக்கொண்டது. இவனும், இவன் மக்களும், மக்களின் மக்களும், ஐயாயிரம் ஆண்டு முடியும்வரை என்று அரசியாரின் வாசகத்தை அதே தாளத்தில், சாபம் வரைக்கும் சொல்லி முடித்தாள். என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கொடை வாசகம் முடிந்ததைக் கேட்டுப் பழகிய தேரர்கள், பழக்கத்தால், மூன்று முறை "சாது" என்றார்கள்.

முதலில் பேசியவர் அரசாங்கத் தலைமை எழுத்தர். அவர் சுமேத தேரரிடம், “சாமி, இது என்ன வேடிக்கை. நாளைக்குத் தலை போகவேண்டியவன். அவன் ராஜாவோட சொத்து. இவ எப்படிக் குடுப்பா” என்றார்.

தேரர் மெலூனின் பக்கம் திரும்பினார். “நீ யாருக்காவது அடிமையாம்மா?”

“இல்ல சாமி. பட்டைக்கார ஊரு. வரி கட்டுற குடி.”

“இவனோட அப்பா?”

“செத்துட்டாரு.”

“அப்போ கத்தி விழுறவரைக்கும் பிள்ளை அவளுது” என்றார் தேரர் எழுத்தரிடம். “தண்ணி விழுந்துடுச்சு. கத்தி இன்னும் விழல.”

பிறகு எல்லாரும் அரசியாரைப் பார்த்தார்கள். சாபத்தைச் சொன்ன வாயின் ஈரம் இன்னும் காயவில்லை. அவர் ஈரமான தரையையும் மெலூனின் பிடரியையும் பார்த்தார். கைகளைக் குவித்து, மெல்லிய குரலில் “சாது” என்றார்.

ஒரு காவலன் துவனின் தலையிலிருந்து கூடையை இறக்கினான். எங்கே போவதென்று அறியாமல் நின்றவனுக்கு, மேளக்காரர் வரிசையில் ஒரு பெண் நகர்ந்து இடம் விட்டாள். மெலூன் எழுந்துபோய், கெண்டியில் மீந்த நீரை மரத்தின் வேரில் ஊற்றினாள்.

மறுநாள் ஆற்றங்கரையில் மற்ற ஆறு பேரும் கொல்லப்பட்டார்கள்.

அவர்களில் ஒருவனின் தாய் மெசோன். மெலூனின் அடுத்த வீட்டுக்காரி, மெலூனைவிட இளையவள். நீர்த்துறையில் மெலூன் ஓடத்தில் ஏறும்போது, படியில் உட்கார்ந்திருந்தவள் எழாமலேயே பேசினாள்.

“அக்கா, கெண்டியில இன்னும் தண்ணி இருந்துச்சே. செவுத்துக்கு வெளிய நின்னு நான் பாத்தேன். நீ அத மரத்துக்கு ஊத்துன.”

மெலூன் நின்றாள்.

“என் பையன் பேரு உனக்குத் தெரியும்ல. உன் கையால சாப்பிட்டவன்தானே.”

பெற்றவள் மட்டுமே பிள்ளையைக் கொடுக்க முடியும். மெலூன் மெசோனின் மகன் பெயரைச் சொல்லியிருந்தாலும் அது கொடையாகி இருக்காது. மெசோனைக் கூப்பிட்டுக் கெண்டியைக் கொடுத்திருக்கலாமே என்றால், காவலர் அவளை உள்ளே விட்டிருக்கமாட்டார்கள். இந்த நியாயத்தை எங்கள் குடும்பத்தில் ஒவ்வொரு தலைமுறையும் எடுத்துச் சொல்லிவந்திருக்கிறது. மெலூன் அதை ஒருபோதும் சொன்னதில்லை. அன்று அவள் ஓடத்தில் ஏறி, நீர் மொண்டு திரும்பினாள். மெசோன் படியிலேயே இருந்தாள்.

தலை கழுவ அழைப்பு வந்தது. போகும்போது திரும்பி வரமாட்டோம் என்றே மெலூன் நினைத்திருக்க வேண்டும். வீட்டுப் பானையில் இருந்த அரிசியை அண்டை வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அரசியார் வழக்கம்போல் படுத்திருந்தார். மெலூன் முதல் நீர் ஊற்றி, நுரை தேய்த்தாள்.

“கை நடுங்கல” என்றார் அரசியார்.

“இல்ல தாயே.”

“நல்லாத்தான் யோசிச்சிருக்க. என் அமைச்சனுங்க ஒருத்தனுக்கும் இவ்வளவு மூளை கெடையாது. ஆனா நீ என்ன சொன்னேன்னு உனக்குத் தெரியுதா?”

மெலூன், தன் மகனைக் கொடுத்ததாகச் சொன்னாள்.

அரசியார் கண்ணை மூடியபடியே, மெலூன் மண்டியிட்டுச் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னார். மக்களும், மக்களின் மக்களும். ஐயாயிரம் ஆண்டு. மெலூனின் விரல்கள் கூந்தலுக்குள் நின்றன.

“நான் அவன் தலைய மட்டுந்தான் கேட்டேன், மெலூன். அவன் பிள்ளைங்க தலையெல்லாம் நீ சேத்துக் குடுத்துட்ட.”

நுரை நெற்றிக்கு வழிந்தது. மெலூன் அதைத் துடைத்தாள்.

“கல்லு வெட்டுறவன்கிட்ட சொல்லிட்டேன். உன் பேரோட தனியா வெட்டுவான். காணிக்கை குடுத்தவ பேரு மறைஞ்சு போகக்கூடாது பாரு. ம், தேய். வேற யாரு கையும் எனக்குச் சரிப்படாது.”

அரசியார் செய்த பழிவாங்கல் அவ்வளவே. அவர் சாபத்தை மீறவில்லை. பொய்யாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. நடந்ததை நடந்தபடி கல்லில் எழுத வைத்தார்.

மெலூன் சுமேத தேரரிடம் போனாள். தான் நினைத்தது மூன்றே சொற்கள், அச்சத்தில் வாய் தவறிவிட்டது, கல் வெட்டுமுன் திருத்த முடியுமா என்று கேட்டாள். தேரர் அன்றே அதைக் கவனித்தவர்.

“நீ தடம் மாறுனப்பவே என் காதுல விழுந்துச்சு” என்றார். “கேக்காத மாதிரி இருந்துடலாமான்னு பாத்தேன். ஆனா ஊரே கேட்டுச்சு. மண்ணு குடிச்சுடுச்சும்மா. அதுல பாதிய மட்டும் நான் எப்படித் தோண்டி எடுக்கட்டும்?”

அவனுக்குப் பதிலாகத் தன்னை எடுத்துக்கொள்ளும்படி அவள் கேட்டாள். கோயிலுக்கு வந்தது கூடலாமே தவிர மாற்றிக்கொள்ள முடியாது என்று அவர் சொன்னார். இந்த இடத்தில் எங்கள் குடும்பத்தில் இன்னொரு பேச்சும் உண்டு: தேரர் அழுதார் என்று. அதை உறுதிசெய்ய எனக்கு வழியில்லை.

அன்று தெற்குச் சுவரோரம் நின்றிருந்த துவனின் காதில் தாயின் சொற்கள் விழவில்லை. கல் நட்ட பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. அதுவரை அவன் தாய்க்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு பிற்பகலில் மெலூன் சுவரோரம் வந்தபோது, அவன் துடைப்பத்தைப் பிடித்தபடி சுவரின் உள்பக்கத்தில் நின்றான். அரசியாரின் தலையைத் தொடும் கையைக் கோயில் அடிமை தொடக்கூடாது என்பதால் இருவருக்கும் நடுவே எப்போதும் அந்தச் சுவர் இருந்தது.

“கல்லப் பாத்தேன்” என்றான்.

“நான் சொல்ல நினைச்சது வேற, துவா.”

“என்ன நினைச்ச?”

“உன் உடம்பு உள்ளவரைன்னு.”

“மாமாவுக்குச் சொன்ன மாதிரியா?”

“ஆமா.”

அவன் துடைப்பத்தின் ஈர்க்குகளைச் சரிசெய்தான். அவளைத் திட்டுவான் என்று எதிர்பார்த்து அவள் நின்றாள். அவன் திட்டவில்லை.

“சரி விடு. நான் அப்படியே இருந்துடறேன். கல்யாணம் வேணாம், பிள்ளைகுட்டி வேணாம். நீ சொல்ல மறந்தத நான் செஞ்சு முடிச்சிடறேன்.”

அவள் சரி என்று தலையசைத்தாள். தன் ஒரே மகனிடம், உனக்குப் பிள்ளை வேண்டாம் என்று ஒப்புக்கொண்டவள் அவள். அதன்பின் ஆண்டுகள் கழிந்தன. இந்தக் காலத்தைப் பற்றி எங்களிடம் அதிகம் இல்லை. அரசியார் மேலும் இருவரை ஆற்றுக்கு அனுப்பினார். இன்னொரு கோயில் எழும்பியது. பிள்ளை அரசன் வளர்ந்து குதிரை ஏறினான். ஆனாலும் திரைக்குப் பின்னாலிருந்துதான் ஆணைகள் வந்தன. மெலூன் தலை கழுவினாள். அரசியாரின் கூந்தல் வெளுத்தது. மெலூனின் விரல்கள் சீயக்காயில் கறுத்துப்போயின. இருவருக்கும் இடையே அந்த நாளைப் பற்றிப் பேச்சு எழவில்லை. சுவரோரம் போகும்போதெல்லாம் மெலூன் உப்பு மீனும் வெல்லமும் கட்டி, சுவர்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். துவன் எடுத்துக்கொள்வான். அவன் தலையிலும் நரை தென்பட்டபோது, இனி இது அவனோடு முடிந்துவிடும் என்று அவள் நம்பத் தொடங்கினாள்.

ஒரு மழைக்காலத்தில் அவள் வைத்த பொட்டலங்கள் எடுக்கப்படாமல் நனைந்து கிடந்தன. துவன் சுவரோரம் வரவில்லை. கோயிலுக்குச் சுண்ணாம்பு கொண்டுவரும் வண்டிக்காரன் ஒருவன்தான், பேச்சோடு பேச்சாக, மேளக்காரி கின்யா பிள்ளை பெற்றிருப்பதாகவும், பிள்ளைக்குத் தகப்பன் துவன் என்றும் அவளிடம் சொன்னான். அன்று வரிசையில் நகர்ந்து இடம் விட்ட அதே பெண் கின்யா. அவளும் துவனுக்காக அத்தனை ஆண்டுகள் காத்திருந்தாளா, இடையில் வேறொருவரோடு வாழ்ந்தாளா என்பது தெரியவில்லை.

எங்கள் நாட்டில் பிள்ளைக்குப் பெயரிடும் நாளில் சீயக்காய் நீரால் தலை கழுவுவார்கள். அந்த நாள் எப்போது என்று வண்டிக்காரனிடமே மெலூன் கேட்டுக்கொண்டாள். அன்று காலை, மணல்திட்டுக்கு அப்பாலிருந்து அரசியாருக்கு என்று மொண்ட நீரோடு ஓடத்தை அரண்மனைத் துறையில் கட்டவில்லை. இப்போது துடுப்புப் போடுகிறவனிடம் கோயில் துறைக்கு விடச் சொன்னாள். ஊறிய பட்டையும் குடமுமாக, சுவரைச் சுற்றிக்கொண்டு, அடிமைகளின் வாசல் வழியாக உள்ளே நடந்தாள். அந்த வாசலுக்குள் அவள் கால் வைத்தது அதுவே முதல் முறை.

துவன் குடிசை வாசலில் இருந்தான். தாயைக் கண்டதும் எழுந்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“முடியலம்மா” என்றான்.

அவள் குடத்தை இறக்கினாள்.

“பிள்ளையைக் கொண்டா.”

“தொட்டா திரும்ப அங்க போக முடியாது. தெரியும்ல?”

“தெரியும். கொண்டாடா, தண்ணி சூடாகுது.”

கின்யா பிள்ளையைக் கொண்டுவந்து அவள் மடியில் கிடத்தினாள். பெண் பிள்ளை, பன்லா என்று பெயர் வைத்தார்கள். இத்தனை ஆண்டுகளாக ஒரே ஒரு தலையை மட்டும் கழுவிய கைகள் அந்தச் சின்னத் தலையை நுரையில் ஏந்தின. காதுக்குள் நீர் போகாமல் விரலால் அணைத்து அவள் கழுவினாள். கழுவி முடித்துத் தலையைத் துடைக்கும்போதுதான் மகனின் கையையும் தொட்டாள் என்று சொல்வார்கள்.

அரண்மனையிலிருந்து ஆள் வந்தது. அவள் வெளிவாசலில் நின்று, என் கை இப்போது கோயில் கை, இனி ஆகாது என்று சொல்லியனுப்பினாள். தண்டனை வரும் என்று துவன் மூன்று நாள் வாசலில் உட்கார்ந்திருந்தான். எதுவும் வரவில்லை. தோழிப்பெண் ஒருத்தி வழியாக ஒரே ஒரு சொல் மட்டும் வந்தது: “அவள விடுங்க. இப்பவாவது கணக்குத் தெரிஞ்சுதே.” அரசியார் எதைக் குறித்துச் சொன்னார் என்று எங்கள் முன்னோர் பலவாறு சொல்கிறார்கள், எனக்கு ஒன்றும் நிச்சயமாகத் தோன்றவில்லை. அவர் அடுத்த கோடைக்கு இருக்கவில்லை. அவருடைய சிதைக்குச் சந்தனம் போதாமல் தெற்கிலிருந்து படகில் வந்தது.

தொட்டுவிட்டவள் சுதந்திரக் குடிகளின் தெருவுக்குத் திரும்ப முடியாது, கோயிலாளும் அல்லள். குடிசைக்கும் சுவருக்கும் இடையே சில நாள் இருந்துவிட்டு, மெலூன் தன்னையே காணிக்கையாகக் கொடுக்க முடிவு செய்தாள். சுமேத தேரர் காலமாகி இருந்தார். புதிய தேரர் இளைஞர். ஏட்டைப் படித்துப் பழகியவர். மெலூன் கெண்டியைச் சாய்த்து, நான், மெலூன், என்னை இக்கோயிலுக்குத் தருகிறேன் என்று தொடங்கியதும், கிழவிக்கு மறந்திருக்கும் என்று எண்ணி, அவர் உதவியாக எடுத்துக் கொடுத்தார்: இவளும், இவள் மக்களும்.

“இருங்க சாமி” என்றாள் மெலூன். கெண்டியை நிமிர்த்திப் பிடித்தாள். “இத நானே சொல்றேன்.”

நீர் நின்றது. அவள் மூச்சை வாங்கிக்கொண்டு மறுபடி சாய்த்தாள்.

“என் உடம்பு உள்ளவரை.”

சொல்லி முடித்தும் கெண்டியில் நீர் இருந்தது. அதை அவள் வேரில் ஊற்றவில்லை. கடைசிச் சொட்டு வரை அங்கேயே, அதே இடத்தில் வார்த்தாள். தேரர் "சாது" சொல்வதா வேண்டாமா என்று பார்த்து, பிறகு சொன்னார்.

அவள் அதன்பின் இரண்டு மழைக்காலம் முற்றம் பெருக்கினாள். சில மாலைகளில் மெசோன் வந்து சுவருக்கு வெளியே உட்காருவாளாம். இருவரும் பேசிக்கொண்டதாக எவரும் கேட்டதில்லை. மெலூன் இறந்தபோது துவன் ஆற்று நடுவுக்குப் போய் நீர் மொண்டு வந்து, பட்டை ஊறவைத்து, அவளுடைய தலையைக் கழுவினான். அவளுடைய கொடையைக் கல்லில் வெட்ட எவரும் இல்லை. கல்லில் இன்றும் இருப்பது முதல் கொடை மட்டுமே.

அரசியாரின் வழியில் இப்போது எவரும் இல்லை. தென்மாளிகை இருந்த இடத்தில் எள் விதைக்கிறார்கள். கோயில் நிற்கிறது, சாபமும் நிற்கிறது, ஆகவே நாங்களும் இருக்கிறோம். இந்த மழைக்காலத்தின் முடிவில் எங்கள் வீடுகளில் இரண்டு பிறப்பு, இரண்டும் பெண். தலை கழுவி, பெயரிட்டு, மேலாளரிடம் ஒப்புவித்தேன்.